ஊசியின்றி ஓர் அளவு: சிறுநீரும் உமிழ்நீரும் மூச்சும் சொல்வது என்ன?

ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்க வரும் நோயாளிகளும் அவர்களுடன் வருவோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊசி போடாமல் இதைப் பார்க்க முடியாதா?" கேள்வி எளியது, அதன் பின்னால் இருக்கும் துன்பம் எளியதன்று. பல மாதச் சிகிச்சைக்குப் பின் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை குத்துப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைகள் இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து 1 கிலோ எடையே உள்ள குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமும் சுமார் 90 மில்லிலிட்டர்தான்; ஒரு சிறிய டம்ளரில் அடங்கிவிடும். அக்குழந்தையிடமிருந்து பரிசோதனைக்காக எடுக்கப்படும் ஒவ்வொரு மில்லிலிட்டரையும் எண்ணியே எடுக்க வேண்டும்.

அண்மைக் காலமாக இக்கேள்வியோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "உடலில் உள்ள ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் சிறுநீரை வைத்தே கண்டுபிடித்துவிடலாமாமே? பார்த்துவிட்டு அதற்குரிய மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா?" கேள்வியின் முதற்பகுதிக்கு விடை பெருமளவு 'ஆம்' என்பதே. இரண்டாம் பகுதிக்கு விடை அவ்வளவு எளிதாக இல்லை; அவசரப்பட்டு 'ஆம்' என்று எண்ணியதால் தீங்கு நேர்ந்த வரலாறும் உண்டு. இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

எண்ணெய் காறுவதும் உடல் தேய்வதும்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது ரத்த அழுத்தமும் அன்று, மன அழுத்தமும் அன்று. பெயரில் உள்ள 'அழுத்தம்' என்ற சொல்லால் இம்மூன்றையும் ஒன்றென எண்ணிக் குழம்புவோர் பலர்.

மூடி சரியாகப் போடாமல் நெடுநாள் வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை எல்லா வீட்டிலும் அறிவார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகளைத் தாக்கி உடைக்கிறது. உடைந்த துண்டுகளே அந்த வாடையைத் தருகின்றன. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனதே. அங்கும் இதையொத்த தாக்குதல் நடைபெறுகிறது. தாக்குபவை 'ஃப்ரீ ரேடிக்கல்கள்' எனப்படும் கட்டற்ற மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அவற்றின் உறவுப் பொருள்களும் ஆகும். உணவை ஆற்றலாக மாற்றும்போதே இவை இயல்பாக உண்டாகின்றன. புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை, நீடித்த அழற்சி, கதிர்வீச்சு ஆகியவற்றால் மிகுதியாக உண்டாகின்றன.

உடல் இதற்குக் காப்பின்றி இல்லை. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் ஆகிய இருவரும், சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கலைச் செயலிழக்கச் செய்வதையே பணியாகக் கொண்ட ஒரு நொதி நம் செல்களில் இருப்பதை விளக்கினார்கள். உடல் இதற்கென ஒரு நொதியையே வைத்திருக்கிறது என்றால், தாக்குதலும் இடைவிடாது நடக்கிறது என்பது அதன் பொருள். தாக்குதலுக்கும் காப்புக்கும் உள்ள சமநிலை தாக்குதலின் பக்கம் சாய்வதே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று 1985இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் வரையறுத்தார்.

இங்கு ஒன்றை மறவாமல் நினைவிற்கொள்ள வேண்டும். ஃப்ரீ ரேடிக்கல்கள் முற்றிலும் பகைவர்கள் அல்ல. நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. பிறவியிலேயே இவ்வாயுதத்தைத் தயாரிக்க இயலாத குழந்தைகள் ஒரு அரிய நோயால் மீண்டும் மீண்டும் கடும் தொற்றுகளுக்கு ஆளாகிறார்கள். ஆகவே, இவற்றை முழுவதும் ஒழிப்பது மருத்துவத்தின் நோக்கமன்று. அளவு மீறாமல் காப்பதே நோக்கம்.

மாட்டைப் பிடிக்க முடியாவிட்டாலும் மிதிபட்ட பயிரைப் பார்க்கலாம்

அளவு மீறியதா என்பதை எப்படி அறிவது? ஃப்ரீ ரேடிக்கல்களையே நேராகப் பிடித்து அளப்பது ஏறத்தாழ இயலாத செயல். அவற்றுள் கொடியதான ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே. தோன்றிய இடத்திலேயே, அருகில் உள்ளதைத் தாக்கிவிட்டு மறைந்துவிடுகிறது.

இரவில் வயலுக்குள் மாடு புகுந்து போயிருந்தால், காலையில் சென்று பார்க்கும் உழவர் மாட்டைக் காண்பதில்லை. சாய்ந்த வேலியையும் மிதிபட்ட பயிரையும் கண்டே எத்தனை மாடுகள் வந்தன, எவ்வளவு மேய்ந்தன என்று கணிக்கிறார். ஆய்வாளர்களும் அதையே செய்கிறார்கள். தாக்குதலுக்குப் பின் எஞ்சும் சிதைவுப் பொருள்களைத் தேடி அளக்கிறார்கள். அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது எம்.டி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மலோன்-டை-ஆல்டிஹைடு. கொழுப்பு சிதையும்போது கிடைக்கும் சிறு துண்டு இது. தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். உணவுப் பொருள்கள் கெட்டுவிட்டனவா என்று சோதிக்கவும் இதே முறை பயன்பட்டு வந்திருக்கிறது. செலவு குறைவு, செய்வது எளிது. ஆனால் எம்.டி.ஏ. மட்டுமன்றி வேறு பொருள்களும் அதே நிறத்தைத் தரும் என்பது இம்முறையின் பெருங்குறை.

இரண்டாவது ஐசோப்ரோஸ்டேன்கள். 1990இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் மாரோ, ஜாக்சன் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழு இவற்றை மனித உடலில் கண்டறிந்தது. செல்சவ்வில் உள்ள அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை ஃப்ரீ ரேடிக்கல்கள் தாக்கும்போது இவை உண்டாகின்றன. பின்னர் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. பெரும்பாலும் நொதிகளின் உதவியின்றியே உண்டாவதால், தாக்குதலின் அளவை இவை ஓரளவு நேர்மையாகக் காட்டுகின்றன.

மூன்றாவது 8-ஓ.எச்.டி.ஜி. மரபணுப் பொருளான டி.என்.ஏ.வில் உள்ள குவானின் என்ற எழுத்து ஆக்சிஜனால் தாக்கப்பட்டுத் திரிவதை 1984இல் ஜப்பானிய அறிஞர்கள் ஹிரோஷி கசாய், சுசுமு நிஷிமுரா ஆகியோர் கண்டறிந்தனர். திரிந்த எழுத்தைச் செல் வெட்டி எறிந்து, புதியதை வைத்துத் தைத்துவிடுகிறது. வெட்டி எறியப்பட்டது சிறுநீரில் வந்து சேர்கிறது. எனவே சிறுநீரில் இது மிகுதியாக இருந்தால் சேதம் கூடியிருக்கலாம். பழுதுபார்க்கும் பணி விரைவாக நடப்பதும் காரணமாக இருக்கலாம். இந்த இருபொருளை நினைவில் வைத்தே அதனைப் படிக்க வேண்டும்.

சிறுநீர் ஏன் சிறந்தது?

ஊசியின் வலி இல்லை என்பது மட்டும் சிறுநீரின் சிறப்பன்று. ரத்தத்தில் கொழுப்பு நிறைந்திருக்கிறது. எடுத்த ரத்தத்தை முறையாகக் குளிரூட்டிப் பாதுகாக்காவிட்டால், குழாயில் இருக்கும்போதே அந்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து புதிய ஐசோப்ரோஸ்டேன்களை உண்டாக்கிவிடும். நோயாளியின் உடலில் இல்லாத சேதம் குழாயில் தோன்றி, அறிக்கையில் ஏறிவிடும். சிறுநீரில் கொழுப்பு மிகக் குறைவு; ஆகவே இப்பிழைக்கு இடமும் குறைவு. மேலும், ஊசி குத்திய நொடியின் நிலையை ரத்தம் காட்டுகிறது. பல மணி நேரத்தின் கணக்கைச் சிறுநீர் காட்டுகிறது.

ஆனால் சிறுநீருக்கும் தன் சிக்கல் உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். வெயிலில் வேலை செய்து வந்தவரின் சிறுநீர் அடர்ந்திருக்கும். ஒரே அளவு பொருள் முன்னவரிடம் குறைவாகவும் பின்னவரிடம் மிகுதியாகவும் தோன்றும். இதைச் சரிசெய்ய, தசைகளிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியாட்டினினை உடன் அளந்து, அதனோடு ஒப்பிட்டு விடையைத் தருகிறார்கள். இங்கும் கவனம் தேவை. முதுமையாலோ நீண்ட நோயாலோ தசை மெலிந்தவர்களுக்குக் கிரியாட்டினின் குறைவாக இருக்கும். அதனால் ஒப்பீட்டில் மற்றப் பொருளின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இக்கணக்கு மேலும் சிக்கலாகும்.

உணவும் இதில் தலையிடுகிறது. முன்னாள் உண்ட வறுத்த, பொரித்த உணவிலும் எம்.டி.ஏ. இருக்கும், அதுவும் சிறுநீரில் வந்து சேரும். மறுநாள் காலையில் சோதித்தால், உடலின் நிலையையும் முந்தைய இரவின் உணவையும் பிரித்தறிவது கடினம்.

உமிழ்நீர், கண்ணீர், வியர்வை

உமிழ்நீரைச் சேகரிப்பது மிக எளிது. அதிலும் 8-ஓ.எச்.டி.ஜி., எம்.டி.ஏ. ஆகியவற்றை அளக்கலாம். ஈறுநோய் உள்ளவர்களின் உமிழ்நீரில் இவை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதுவே இதன் எல்லையையும் காட்டுகிறது. உமிழ்நீர் முதலில் வாயின் நிலையைச் சொல்கிறது. அதன் பிறகே உடலின் நிலையைச் சொல்கிறது. ஈறில் ரத்தம் கசிபவர், வெற்றிலை பாக்கு மெல்பவர், புகைப்பவர் ஆகியோரின் உமிழ்நீரை வைத்து அவருடைய இதயத்தையோ கல்லீரலையோ பற்றி முடிவு கூறுவது பொருந்தாது.

உமிழ்நீரின் 'மொத்த எதிர்ப்பாற்றல்' என்று ஓர் அளவும் கூறப்படுவதுண்டு. கூடுதலாக இருந்தால் நல்லது என்றே யாரும் எண்ணுவர். ஆனால் உமிழ்நீரில் உள்ள முதன்மையான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் யூரிக் அமிலம் தேங்குவதால் இந்த அளவு உயர்ந்து காணப்படும். அதாவது, நோய் முற்றியவரின் எண் ஆரோக்கியமானவரின் எண்ணைவிட 'நன்றாக' இருக்கக்கூடும். ஒரு எண்ணை மட்டும் தனியே பார்த்து மகிழ்வதோ அஞ்சுவதோ கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கண்ணீரை மெல்லிய தாள் பட்டையால் ஒற்றியெடுத்துச் சோதிக்கும் முறை கண் வறட்சி பற்றிய ஆய்வுகளில் பயன்படுகிறது. கிடைக்கும் கண்ணீர் மிகச் சில துளிகளே என்பதால் நுட்பமான கருவிகள் தேவை. வியர்வையைப் பொறுத்தவரை, ஒரு நம்பிக்கையூட்டும் முன்மாதிரி உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயைக் கண்டறிய வியர்வையில் உள்ள குளோரைடை அளக்கும் சோதனை 1959ஆம் ஆண்டிலேயே செம்மைப்படுத்தப்பட்டு இன்றளவும் உலகெங்கும் நம்பகமாகப் பயன்பட்டு வருகிறது. ஊசியில்லாச் சோதனையும் உறுதியான முடிவைத் தர முடியும் என்பதை அது மெய்ப்பித்திருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அளவீடுகள் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

மூச்சும் ஒரு மாதிரியே

நாம் வெளிவிடும் மூச்சில் நுரையீரலின் உட்பரப்பிலிருந்து வரும் நுண்துளிகள் கலந்துள்ளன. குளிரூட்டிய குழாயின் வழியே சுமார் 10 நிமிடங்கள் இயல்பாக மூச்சு விட்டால், அவை பனித்துளிபோல் படிந்து 1 முதல் 2 மில்லிலிட்டர் நீர் கிடைக்கும். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஐசோப்ரோஸ்டேன்களையும் அளக்கலாம். இம்முறைக்கு அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2005இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டன. எனினும் இது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே இருக்கிறது.

மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் சோதனையோ மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. ஆஸ்துமா நோயாளிகளில் சிலர் அதைச் செய்துகொண்டிருப்பீர்கள். நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல்தான். மூச்சுக்குழாயில் ஒருவகை ஒவ்வாமை அழற்சி இருக்கும்போது இது கூடுகிறது. அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் அத்தகைய அழற்சி இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. 50 பங்குக்கு மேல் இருந்தால் வாய்ப்பு மிகுதி. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பயன் தருமா என்று முடிவு செய்ய இது மருத்துவருக்குத் துணைபுரிகிறது.

இச்சோதனை ஏன் நடைமுறைக்கு வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எப்படி ஊத வேண்டும் என்பது உலகெங்கும் ஒன்றுபோல் வகுக்கப்பட்டது. எந்த அளவுக்கு மேல் மிகுதி என்பதில் உடன்பாடு ஏற்பட்டது. விடைக்கேற்ப என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாக இருந்தது. ஒரு சோதனை நோயாளிக்குப் பயன்பட இம்மூன்றும் தேவை. இதுவும்கூட மூச்சுக்குழாயின் அழற்சியையே சொல்கிறது. உடல் முழுவதன் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் சொல்வதில்லை.

இதுவரை கற்றுக்கொண்டவை

இந்த அளவீடுகளால் மருத்துவ உலகம் கற்றவை பல. 1995இல் வாண்டர்பில்ட் குழு வெளியிட்ட ஆய்வில், புகைபிடிப்பவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஐசோப்ரோஸ்டேன்களின் அளவு புகைக்காதவர்களைவிட உயர்ந்திருந்தது. இரண்டே வாரங்கள் புகையை விட்டதும் அளவு குறைந்தது. பல்லாண்டுப் பழக்கத்தால் உடல் கெட்டுவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று சோர்வோருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. சேதத்தின் தடயம் குறையத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களே போதுமாயிருந்தன.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வில் 2,828 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2003இல் வெளிவந்தன. புகைபிடித்தல், நீரிழிவு, உடற்பருமன் ஆகிய மூன்றும் ஐசோப்ரோஸ்டேன் உயர்வுடன் தொடர்புடையவை என்று தெரிந்தது. 2006இல் ஃபிரான்சில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 21 பேரிடம் நடந்த ஆய்வு, சராசரிச் சர்க்கரையைவிட, சர்க்கரை ஏறி இறங்கும் ஊசலாட்டமே இந்த அளவுடன் கூடுதலாகத் தொடர்புள்ளது என்றது. ஆனால் 2008இல் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் அத்தொடர்பு காணப்படவில்லை. ஒரு சிறிய ஆய்வை நம்பி உடனே முடிவுக்கு வரக்கூடாது என்பதையும் இது உணர்த்துகிறது.

உங்கள் அறிக்கையில் இது ஏன் இல்லை?

இவ்வளவு அறிந்த பின்னும், உங்கள் மருத்துவர் வழக்கமாக எழுதித் தரும் சோதனைப் பட்டியலில் ஐசோப்ரோஸ்டேனோ 8-ஓ.எச்.டி.ஜி.யோ இடம்பெறுவதில்லை. காரணங்கள் நான்கு.

ஒன்று, ஒரே சிறுநீரை வெவ்வேறு முறைகளில் அளந்தால் வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. எலைசா என்னும் எளிய முறையில் வரும் 8-ஓ.எச்.டி.ஜி. அளவு, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்னும் நுட்பமான முறையில் வரும் அளவைவிடக் கூடுதலாக இருப்பதை ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி நடத்திய ஒப்பீடுகள் காட்டின. இரண்டு, எது இயல்பு, எது மிகுதி என்பதற்கு அனைவரும் ஏற்ற எல்லை இல்லை. மூன்று, அளவு கூடியிருந்தாலும் எந்த உறுப்பில் சேதம் என்பதை அது சொல்வதில்லை. நான்கு, மிக முக்கியமானது: அந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றினால் நோயாளி கூடுதலாக நலம் பெறுகிறார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆயிரம் பேரின் சராசரியை வேறு ஆயிரம் பேரின் சராசரியோடு ஒப்பிடுவதற்கு இவ்வளவீடுகள் சிறந்த கருவிகள். தனி ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்யும் கருவியாக அவை இன்னும் வளரவில்லை.

எண்ணைக் குறைக்க மாத்திரை?

உண்மையான ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. கடைகளில் கிடைக்கும் சில நிறமாற்றச் சோதனைகள் சிறுநீரில் உள்ள ஆல்டிஹைடுகளைக் காட்டி, 'உங்கள் ஃப்ரீ ரேடிக்கல் அளவு மிகுதி' என்கின்றன. அடுத்து, எதிர்ப்பொருள் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. ஃப்ரீ ரேடிக்கல் தீயது, எதிர்ப்பொருள் அதைத் தடுக்கும், ஆகவே மாத்திரை நல்லது என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எதிர்பார்த்தார்கள். எனவேதான் பெரிய ஆய்வுகளை நடத்திப் பார்த்தார்கள்.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் உண்டவர்களுக்கு 28 விழுக்காடு கூடியதால், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே அவ்வாய்வு நிறுத்தப்பட்டது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு ஆய்வு, வைட்டமின் ஈ மாத்திரை உண்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரிவித்தது. 2009இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வோ, உடற்பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலை செய்யும் பயனை வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் தடுத்துவிட்டன என்று காட்டியது.

இவை காய்கறியையோ பழத்தையோ பற்றிய செய்திகள் அல்ல. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் குற்றவாளி அன்று. தனியே பிரித்து, மிகுந்த அளவில், மாத்திரையாக நாள்தோறும் உண்பதைப் பற்றியே இவை பேசுகின்றன.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். கதிர்வீச்சும் சில கீமோதெரபி மருந்துகளும் ஃப்ரீ ரேடிக்கல்களை உண்டாக்கியே புற்றுச் செல்களைக் கொல்கின்றன. அச்சமயத்தில் எதிர்ப்பொருள் மாத்திரைகளை மிகுதியாக உண்பது, சிகிச்சையின் கையையே கட்டிப்போடக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். உறவினர் அன்போடு வாங்கி வந்த மாத்திரையானாலும், சிகிச்சை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. மிகுந்த அளவு வைட்டமின் சி உண்பவரின் சிறுநீரில் சர்க்கரையோ ரத்தமோ இருந்தாலும், சோதனைப் பட்டை சில வேளை 'இல்லை' என்று காட்டிவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது கல்லை வளர்க்கக்கூடும். ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மிகுந்த அளவில் அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடும்.

மாதிரி கொடுப்பவர் அறிய வேண்டியவை

ஆய்வுக்காகவோ சோதனைக்காகவோ மாதிரி கேட்கப்பட்டால், சரியான முறையில் கொடுப்பது உங்கள் பங்கு.

24 மணி நேரச் சிறுநீர் என்றால், தொடங்கும் நாள் காலையில் முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்பின் வரும் அனைத்தையும் கலத்தில் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் கழிக்கும் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். இடையில் ஒருமுறை மறந்துவிட்டால் மறைக்க வேண்டாம்; சொல்லிவிட்டால் மீண்டும் தொடங்கலாம். கலத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

உமிழ்நீர் என்றால், ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே உண்பது, பல் துலக்குவது, வெற்றிலை பாக்கு மெல்வது ஆகியவற்றைத் தவிருங்கள். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துச் சற்று நேரம் காத்திருந்து, காறித் துப்பாமல், தானாக ஊறுவதைக் குழாயில் வழியவிடுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் தெரிவியுங்கள்.

மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு பார்ப்பதென்றால், ஒரு மணி நேரம் முன்பிருந்து உணவும் பானமும் புகையும் வேண்டாம். கீரை, பீட்ரூட் போன்றவற்றைச் சற்று முன்பு உண்டிருந்தால் சொல்லுங்கள்; அவை அளவைக் கூட்டக்கூடும். புகைபிடிப்பதோ அளவைக் குறைத்துக் காட்டும். நீங்கள் உண்ணும் வைட்டமின், சித்த, ஆயுர்வேத மருந்துகள் அனைத்தையும் எந்தச் சோதனைக்கு முன்பும் கூறுங்கள்.

ஆராய்ச்சிக்காக மாதிரி கேட்கப்பட்டால், அது எதற்காக என்று விளக்கி, உங்கள் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். மறுத்தாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சிக்கென்று மட்டும் செய்யப்படும் சோதனைக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

வெளியே பணம் கொடுத்து இத்தகைய சோதனையைச் செய்ய விரும்பினால், முதலில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பொருளை, எந்த முறையில் அளக்கிறீர்கள்? சிறுநீரின் அடர்த்திக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்கிறீர்களா? இயல்பு அளவை யாரை வைத்து வகுத்தீர்கள்? விடை எதுவாக இருந்தாலும் என் சிகிச்சையில் என்ன மாறும்? கடைசிக் கேள்விக்கு, 'எங்கள் மாத்திரையை வாங்க வேண்டும்' என்பது மட்டுமே பதிலாக வந்தால், பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க முதலில் அதை அளந்தே தீர வேண்டும் என்பதில்லை. புகையை விடுதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், கூடிய எடையைக் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், காய்கறி, கீரை, பழங்களை உணவாகவே உண்ணுதல், ஈறுகளைப் பேணுதல் ஆகியவை எந்த எண்ணும் தெரியாமலே இன்று தொடங்கக்கூடியவை. இவற்றின் பயன் ஐசோப்ரோஸ்டேனில் தெரிகிறதோ இல்லையோ, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் ஆபத்தைக் குறைப்பதில் தெரியும். பராமரிப்போருக்கும் இது பொருந்தும். நோயாளியைக் கவனிக்கும் வேளையில் தம் உணவையும் உறக்கத்தையும் கைவிட்டவர்கள் இப்பட்டியலைத் தமக்காகவும் ஒருமுறை படிக்க வேண்டும்.

அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மருத்துவர் எழுதித் தந்தவை, கடையில் வாங்கியவை, பிறர் கொடுத்தவை அனைத்தையும். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று மருத்துவரோடு அமர்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.